மேல்வீட்டுக்காரரின் வயிறு

என் அக்காவின் கணவருக்கு நாங்கள் வேலை செய்யும் இடத்தில் மேல்வீட்டுக்காரர் என்று பெயர். எனக்கு அவர் மாமா, கிரேன் ஓட்டுகிறவர். கட்டடத்துக்கு நடுவே நிற்கிற கோபுரக் கிரேனின் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு இருக்கிறது. காலை ஏழு மணிக்கு அதில் போய் உட்கார்ந்தால் மாலை ஐந்துக்குத்தான் இறங்குவார். பதினாறு ஏணிகள். ஒவ்வொரு ஏணியும் முடிகிற இடத்தில் நின்று மூச்சு வாங்க ஒரு இரும்புத் தட்டு. ஏறுவதற்கு இருபது நிமிடம் ஆகும். ஒன்றுக்கு வந்தால் அங்கேயே பாட்டில்தான். இரண்டுக்கு வந்தால் என்ன செய்வார் என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை.

நான் கீழே நிற்கிறவன், சிக்னல் சொல்கிறவன். கொக்கி எங்கே போகிறது, சுமை எங்கே இறங்குகிறது என்பது பாதி நேரம் மேலே இருப்பவர் கண்ணுக்குத் தெரியாது. வாக்கி டாக்கியில் நான்தான் அவருக்குக் கண். எனக்கு வைத்த பெயர் தரை. உயரம் என்றால் எனக்கு ஆகவே ஆகாது. வேலைக்குச் சேர்ந்த அன்று வீறாப்பாக மூன்று ஏணி ஏறிவிட்டு இறங்கத் தெரியாமல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றேன். கம்பி கட்டுகிற அண்ணன் வந்து என் இடுப்பைப் பிடித்து இறக்கினார். பதினொரு வருடம் ஆகியும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எங்கள் வேலையில் ஒரு விதி உண்டு. நான் சொல்வதை மாமா அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். நான் “இறக்கு” என்றால் அவர் “இறக்கு” என்பார், அதற்கப்புறம்தான் கை அசையும். அவர் திருப்பிச் சொல்லவில்லை என்றால் ஒன்றும் நகரக் கூடாது. பதினொரு வருடமாக ஒரு நாளைக்கு நானூறு, ஐந்நூறு தடவை நாங்கள் இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறோம். வீட்டில் என் மனைவியோடு நான் இவ்வளவு பேசியிருந்தால் அவள் என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடியிருப்பாள்.

மாமாவுக்குச் சர்க்கரை வந்து ஒன்பது வருடம் ஆகிறது. முதலில் மாத்திரை, பிறகு ஊசி. கிரேன் ஓட்டுகிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒரு முறை ஒரு படிவம் வரும். கண் தெரிகிறதா, காது கேட்கிறதா, வலிப்பு உண்டா, சர்க்கரை உண்டா என்று கட்டங்கள் இருக்கும். மாமாவின் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும் என்பதால் அந்தப் படிவத்தை நான்தான் நிரப்புவேன். சர்க்கரைக் கட்டத்தில் ‘இல்லை’ என்று ஒன்பது வருடமாக டிக் போட்டது என் கைதான். ஊசி போடுகிறவர் என்று தெரிந்தால் அன்றைக்கே கூண்டிலிருந்து இறக்கிவிடுவார்கள். மாமாவுக்கு வேறு தொழில் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார், பிடிவாதக்காரர்.

சர்க்கரையோடு நின்றிருந்தால் எப்படியோ ஓட்டியிருப்பார். இரண்டு வருடத்துக்கு முன்னால் வயிறு மக்கர் பண்ண ஆரம்பித்தது. நாலு வாய் சாப்பிட்டால் நாற்பது வாய் சாப்பிட்டது மாதிரி வயிறு கல்லாகிவிடும். ஏப்பம் வரும், முந்தின நாள் சாப்பாட்டின் வாசனையோடு வரும். மதியம் வாந்தி எடுத்தால் காலையில் தின்ற ரொட்டி அப்படியே விழும். ஒரு வாரம் மலச்சிக்கல், அடுத்த வாரம் கழிப்பறையே கதி. அக்கா முதலில் தன் சமையலைத்தான் குறை சொல்கிறார் என்று நினைத்துக் கோபித்துக்கொண்டாள். தட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

“வெளில எங்கயாவது சாப்பிட்டுட்டு வர்றாராடா?” என்று என்னிடம் தனியாகக் கேட்டாள்.

“அக்கா, அவர் நாள் பூரா ஆகாசத்துல உக்காந்திருக்காரு. அங்க யாரு கடை வெச்சிருக்கா?” என்றேன்.

கடைசியில் மூன்று பேருமாகப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தோம். இளவயசுப் பெண், பொறுமைசாலி. சர்க்கரை ஏறி இறங்கி ஏறி இறங்கி வயிற்றுக்குப் போகிற நரம்பு கெட்டுவிட்டது என்றார்.

“உங்க வயிறு சோம்பேறியாயிடுச்சு. சாப்பாட்டைக் கீழ தள்ள மாட்டேங்குது. நீங்க ஊசி போட்டு சாப்பிடறீங்க. ஊசி டைமுக்கு வேலை செய்யுது, சாப்பாடு ரத்தத்துக்கு வந்து சேரல. அதனால சுகர் தடால்னு இறங்குது. பயந்து போய் இனிப்பா சாப்பிடறீங்க. நாலு மணி நேரம் கழிச்சு எல்லாம் மொத்தமா இறங்கி சுகர் எகிறுது. எகிறினா வயிறு இன்னும் மந்தமாகும்.”

“அப்ப இதுக்கு முடிவே இல்லையா டாக்டர்?” என்று மாமா கேட்டார்.

“முடிவுன்னு சொல்ல முடியாது. பழக்கிக்கலாம். ஒரு நாளைக்கு ஆறு தடவை கொஞ்சம் கொஞ்சமா, குழைவா சாப்பிடுங்க. சாப்பிட்டதும் நடங்க. சுகர் மெஷின் வெச்சுப் பாக்காம ஊசி போடாதீங்க. முதல்ல சாப்பிட்டு, அது தங்குதான்னு பாத்துட்டு அப்புறமா போடுங்க. ஆமா, என்ன வேலை பாக்கறீங்க?”

மாமா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த குடல் படத்தைப் பார்த்தேன்.

“உக்காந்து பாக்கற வேலைதான்,” என்றார் மாமா. அது பொய் இல்லை.

சாப்பிட்டதும் நடங்கள் என்றால் எங்கே நடப்பது? கூண்டுக்குள் எழுந்து நின்றாலே தலை இடிக்கும். ஆறு தடவை சாப்பிடலாம்தான், ஆனால் இரண்டு கையும் கைப்பிடியில் இருக்க வேண்டும், கீழே பத்துப் பேர் சுமைக்காகக் காத்திருக்கிறார்கள். மாமா டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டு மண்டையை ஆட்டிவிட்டு வந்து, தன் கணக்குப்படியே நடந்தார். அந்தக் கணக்கு என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும். காலையில் கருவி அறைக்குப் பின்னால் நின்று, சட்டையைத் தூக்கி வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொள்வார். உடனே ஏணி ஏறத் தொடங்குவார். ஊசி போட்டு அரை மணிக்குள் சாப்பிட வேண்டும் என்று பழைய டாக்டர் எப்போதோ சொல்லியிருந்தார். இருபது நிமிட ஏணி, பத்து நிமிடத்தில் பெல்ட்டைப் போட்டு, மோட்டாரைச் சோதித்துவிட்டு டிபன் டப்பாவைத் திறந்தால் சரியாக அரை மணி. ஏணியையே கடிகாரமாக வைத்திருந்தார். வயிறு நன்றாக இருந்த காலத்தில் அந்தக் கடிகாரம் சரியாக ஓடியது. வயிறு கெட்ட பிறகும் அவர் அதை மாற்றவில்லை. மேலே போய் ஊசி போட்டால் பக்கத்துக் கட்டடத்து மாடியிலிருந்து யாராவது பார்த்துவிடுவார்களாம்.

அவர் குரலை வைத்தே நான் அவருடைய சர்க்கரையைக் கண்டுபிடிக்கக் கற்றுக்கொண்டேன். நான் “இடது” என்றதும் ஒரு எண்ணிக்கைக்குள் “இடது” என்று பதில் வந்தால் நன்றாக இருக்கிறார் என்று அர்த்தம். இரண்டு எண்ணிக்கை ஆனால் ஏறியிருக்கிறது, வயிறு உப்பிக்கொண்டு எரிச்சலில் இருக்கிறார். மூன்று ஆகி, சொல்லின் வால் இழுத்துக்கொண்டு வந்தால் இறங்குகிறது. உடனே நான் “டீ குடிச்சீங்களா மாமா?” என்று கேட்பேன். அவர் சட்டைப் பையிலிருந்து சர்க்கரைக் கட்டியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, “குடிச்சிட்டேன் மாப்ள” என்பார். எங்கள் அலைவரிசையை எல்லோரும் கேட்பார்கள். மாமனுக்கும் மச்சானுக்கும் என்ன ஒரு பாசம், டீ குடித்தானா என்று நாளுக்கு மூணு தடவை விசாரிக்கிறான் என்று கம்பி கட்டுகிற அண்ணன் கேலி பண்ணுவார். நானும் சேர்ந்து சிரிப்பேன். உள்ளுக்குள் எனக்கு வெட்கமாகவும் பயமாகவும் இருக்கும். ஒரு கட்டி சர்க்கரையை நம்பி இரண்டு டன் இரும்பைப் பத்துப் பேர் தலைக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தோம்.

சொல்லிவிடலாம் என்று பல தடவை மேனேஜர் அறை வரைக்கும் போயிருக்கிறேன். சொன்னால் மாமாவின் பிழைப்பு போகும், அக்கா முகத்தில் எப்படி விழிப்பேன்? சொல்லாவிட்டால் ஒரு நாள் யாராவது நசுங்குவார்கள். இரண்டு பக்கமும் கதவு அடைத்த அறை. தண்ணீர் குடிக்க வந்தேன் என்று சொல்லி, குடித்துவிட்டுத் திரும்பி வந்துவிடுவேன்.

அன்றைக்கு அப்படித் திரும்ப முடியவில்லை. மணி எட்டே முக்கால் இருக்கும். ஒரு கட்டுக் கம்பியை ஆறாவது தளத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தோம். அங்கே கம்பி கட்டுகிற அண்ணன் கையை உயர்த்தி நின்றார், நான் அவருக்கு இருபதடி தள்ளி நின்று சிக்னல் சொன்னேன். ஆறாவது தளம் வரைக்கும் சுவரும் படியும் இருப்பதால் எனக்குப் பயமில்லை.

“முன்னால,” என்றேன்.

“முன்னால,” என்றார் மாமா. ஒரு எண்ணிக்கைதான். குரல் கணீரென்று இருந்தது.

“மெல்ல. இன்னும் நாலடி. ரெண்டடி. நிறுத்து.”

“நிறுத்து,” என்றார்.

சுமை நிற்கவில்லை. வார்த்தை சரியாக வந்தது, கைதான் கைப்பிடியை விடவில்லை. கம்பிக் கட்டு அதே வேகத்தில் அண்ணனை நோக்கிப் போனது. “நிறுத்து! நிறுத்து!” என்று கத்தினேன். “நிறுத்து, நிறுத்து,” என்று இரண்டு தடவை உற்சாகமாகத் திருப்பிச் சொன்னார். அண்ணன் குப்புறப் படுத்தார். கம்பி முனை அவருடைய ஹெல்மெட்டைத் தட்டிவிட்டுத் தாண்டிப் போனது. மாமாவின் கை நழுவியிருக்க வேண்டும், ஒரு வழியாக நின்று ஆடியது. ஹெல்மெட் ஆறு தளத்துக்கும் கீழே போய் விழுகிற சத்தம் எனக்குக் கேட்டது.

“டீ குடிச்சீங்களா மாமா?” என்றேன். நான் எண்ணினேன். பத்து வரைக்கும் எண்ணினேன். பதில் இல்லை.

அண்ணன் எழுந்து, உயிரோடுதான் இருக்கிறோமா என்று தன் தலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பட்டனை அழுத்தினேன்.

“எல்லாரும் கேளுங்க. கொக்கிக்குக் கீழ யாரும் நிக்காதீங்க. மாமாவுக்கு சுகர். ஊசி போடறவரு. சுகர் இறங்கிடுச்சு, அவரால வண்டி ஓட்ட முடியாது.”

அண்ணன் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

நாங்கள் படியில் இறங்கித் தரைக்கு வந்தபோது மேனேஜர் ஓடி வந்தார். ஆம்புலன்ஸ் வர அரை மணி, உயரத்தில் ஏறி மீட்கிறவர்கள் வர இரண்டு மணி நேரம் ஆகும் என்றார். மாற்று ஓட்டுநருக்கு அன்று விடுமுறை, ஆள் அனுப்பியிருக்கிறார்களாம். ஒவ்வொருவராக அண்ணாந்து பார்த்தோம். அண்ணன் போகிறேன் என்றார், ஆனால் ஏணியடிக்குப் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நான் யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் ஒரு ஜூஸ் பாட்டிலைச் சட்டைக்குள் திணித்துக்கொண்டு, ஏணியைப் பிடித்தேன். தைரியம் எல்லாம் இல்லை. கீழே நின்றுகொண்டு அக்காவுக்கு போன் பண்ணுகிற அளவுக்குத் தெம்பு எனக்கு இல்லை, அவ்வளவுதான்.

மூன்றாவது ஏணி வரைக்கும் பழக்கம் இருந்தது. நாலாவதில் கண்ணை மூடிக்கொண்டேன். கண்ணை மூடினால் கோபுரம் ஆடுவது இன்னும் நன்றாகத் தெரிகிறது, அதனால் திறந்துகொண்டேன். என் கைக்கு முன்னால் இருக்கிற அடுத்த கம்பியை மட்டும் பார்த்தேன். ஏழாவது தட்டில் உட்கார்ந்து மாமாவைத் திட்டினேன். பத்தாவது தட்டில் என்னையும் என் டிக்கையும் திட்டினேன். பதினாறாவதில் திட்டவும் மூச்சு இல்லை.

மாமா இருக்கையில் பெல்ட்டோடு சாய்ந்து கிடந்தார். சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி வியர்வை தேறும். மடியில் ஒரு பிளாஸ்டிக் பையைப் பிடித்திருந்தார், அதில் வாந்தி. கண் திறந்திருந்தது, ஆனால் என்னை யாரோ என்று பார்த்தது. ஜூஸை மூடியில் ஊற்றி உதட்டில் வைத்தேன். விழுங்கினார். இன்னொரு மூடி. இன்னொன்று. அவருடைய டப்பாவில் சுகர் மெஷின் இருந்தது. விரலைக் குத்திப் பார்த்தேன், முப்பத்தெட்டு. பத்து நிமிடம் கழித்து நாற்பத்தொன்று. சாதாரண ஆளுக்கு இந்நேரம் ஏறியிருக்கும். இவருடைய வயிறு அந்த ஜூஸையும் கையில் வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்றது. எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த வயிற்றை ஒரு குத்து குத்தலாம் போல இருந்தது.

காத்திருந்தோம், வேறு வழியில்லை. இரண்டு பேர் இருக்க அந்தக் கூண்டில் இடமே கிடையாது. நான் அவர் கால்மாட்டில் மடங்கி உட்கார்ந்திருந்தேன். பதினொரு வருடமாகக் குரலாக மட்டும் கேட்ட இடத்தை அப்போதுதான் பார்த்தேன். வரிசையாக மூன்று பாட்டில்கள். மடித்து வைத்த பிளாஸ்டிக் பைகள், குறைந்தது ஐம்பது இருக்கும். மாற்றுக் கால்சட்டை ஒன்று. அது எதற்கு என்று எனக்குப் புரிந்தது. இருக்கைக்கு முன்னால் கண்ணாடியில் அக்காவின் கையெழுத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. ‘மெதுவா மென்னு சாப்பிடுங்க’ என்று எழுதியிருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைச் சிந்தினேன்.

அறுபத்து நான்கு வந்தபோது மாமாவுக்கு என்னை அடையாளம் தெரிந்தது.

“நீ எப்படிடா இங்க?”

“ஏணில ஏறித்தான்.”

சிரிக்கப் பார்த்தார், ஏப்பம்தான் வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டார். “யாருக்காவது ஏதாவது...?”

“அண்ணனோட ஹெல்மெட் போச்சு. தலை இருக்கு.”

மடியில் இருந்த பையின் வாயை முடிச்சுப் போட்டுக் கீழே வைத்தார். அப்புறம் கேட்டார். “சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்.”

“எல்லார் காதுலயும் விழுந்துச்சா?”

“எல்லார் காதுலயும்.”

“நல்லதாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேன் மாப்ள.”

“நீங்க சொல்ல வேண்டாம் மாமா.”

ஜன்னல் வழியாகக் கம்பிக் கட்டு மெல்ல ஆடுவது தெரிந்தது. மாமா அதையே பார்த்தார். “இந்தக் கூண்டுல இருந்து இறக்கிடுவாங்க. சரி. எனக்குள்ள ஒரு கூண்டு இருக்கே, அதுல இருந்து என்னை யாருடா இறக்கறது? ராத்திரி சாப்பிட்டது காலைல என்ன பண்ணும், காலைல சாப்பிட்டது சாயங்காலம் என்ன பண்ணும்னு நெனச்சு நெனச்சே சாகறேன். பசிச்சு ரெண்டு வருஷம் ஆச்சு. பசின்னா எப்படி இருக்கும்னு மறந்தே போச்சு.”

இன்னொரு மூடி ஜூஸை நீட்டினேன், வாங்கிக் குடித்தார்.

நூற்றுப் பன்னிரண்டு வந்தது. கால் மணி கழித்து மறுபடி பார்த்தோம், நூற்று முப்பது. இறங்கலாம் என்றார். மீட்புக்காரர்கள் இன்னும் வந்து சேரவில்லை. மாமா கதவைத் திறந்து சர்வசாதாரணமாக ஏணியில் கால் வைத்தார். நான் கதவுச் சட்டத்தைப் பிடித்தவன் பிடித்தபடி நின்றேன். கீழே பார்த்துவிட்டேன். மேனேஜர் ஒரு பொட்டு, வந்து நின்ற ஆம்புலன்ஸ் ஒரு தீப்பெட்டி.

“மாமா, என்னால முடியாது.”

அவர் ஏணியில் நின்றபடி என்னை அண்ணாந்து பார்த்தார். முகம் வெளிறியிருந்தது, வாயோரம் வாந்தி காய்ந்திருந்தது. ஆனால் குரல் அந்தப் பழைய குரல்தான்.

“திரும்பி நில்லு. என்னைப் பாக்காத. நான் சொல்றதைத் திருப்பிச் சொல்லு. சொன்னப்புறம் காலை எடு. வலது கால், கீழ.”

“வலது கால், கீழ,” என்றேன்.

“இடது. மெல்ல.”

“இடது. மெல்ல.”

“நிறுத்து. மூச்சு விடு.”

“நிறுத்து,” என்றேன், மூச்சு விட்டேன். அவர் எனக்கு நாலு கம்பி கீழே, என் கணுக்காலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே இறங்கினார். பதினாறு ஏணி. நடுவில் இரண்டு தட்டுகளில் நின்று அவர் விரலைக் குத்திக்கொண்டார், ஒரு தட்டில் வாந்தி எடுத்தார், பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து “வலது கால்” என்றார். ஒரு இடத்தில்கூட நான் திருப்பிச் சொல்லாத காலை நகர்த்த அவர் விடவில்லை. கடைசிக் கம்பியில், “தரை,” என்றார்.

“தரை,” என்றேன். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

மேனேஜர் மாமாவை ஒரு வார்த்தை திட்டவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது. ஓட்டுநர் அட்டையை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். படிவத்தை நிரப்பியது நான்தான் என்று சொன்னேன். எனக்கு ஒரு மாதம் வேலை இல்லை என்றார்கள். அண்ணன் எங்கள் இரண்டு பேரோடும் பத்து நாள் பேசவில்லை, பதினொன்றாவது நாள் மாமாவுக்குக் குழைவாக என்ன சாப்பிடலாம் என்று கேட்டு வீட்டுக்கு வந்தார். அக்கா என்னிடம் ஆறு வாரம் பேசவில்லை. அந்த டிக்கைப் பற்றி அவளுக்கும் அன்றுதான் தெரிந்தது.

இப்போது மாமா கருவி அறையில் இருக்கிறார். சுத்தியல், திருகு, கையுறை எடுத்துக் கொடுக்கிற வேலை. கழிப்பறை பத்தடியில் இருக்கிறது. ஆறு தடவை சாப்பிடுகிறார், சாப்பிட்டதும் வேலி ஓரமாக நடக்கிறார், மெஷினில் பார்த்த பிறகுதான் ஊசி. டாக்டர் சொன்ன எல்லாம் செய்கிறார். வயிறு மட்டும் தன் இஷ்டத்துக்குத்தான் நடக்கிறது. ஒரு வாரம் ஒழுங்காக இருக்கும். அடுத்த வாரம் அவர் நாற்காலியில் முன்னால் குனிந்து, மடித்து வைத்த பையைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருப்பார். சுத்தியல் வாங்க வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொண்டு போவார்கள்.

கூண்டில் புது ஆள். கெட்டிக்காரர், ஒரு எண்ணிக்கைக்குள் பதில் சொல்லிவிடுவார். கருவி அறையில் பழைய வாக்கி டாக்கி ஒன்று உண்டு, மாமா அதைச் சன்னமாக வைத்திருப்பார். போன வாரம் நான் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று சிக்னல் சொன்னேன். “நிறுத்து,” என்றேன். “நிறுத்து,” என்று மேலேயிருந்து பதில் வந்தது. அதற்கு முன்னாலேயே உள்ளேயிருந்து மெதுவாக இன்னொரு குரல், “நிறுத்து,” என்று சொல்லிவிட்டிருந்தது. எட்டிப் பார்த்தேன். மாமா ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருந்தார். இன்னொரு கை, அங்கே இல்லாத கைப்பிடியைப் பிடித்து நிறுத்தியிருந்தது.